84 வயதில் தொடங்கிய தொடர்: உ.வே.சாவும் தள்ளிப்போன இரண்டு நூல்களும்

1940ஆம் ஆண்டு ஜனவரியில் ஆனந்த விகடன் இதழில் 'என் சரித்திரம்' என்ற தொடர் வெளிவரத் தொடங்கியது. எழுதியவருக்கு அப்போது 84 வயது. அவர் உ.வே. சாமிநாதையர். ஏட்டுச்சுவடிகளைத் தேடி ஊர் ஊராக அலைந்து சங்க நூல்களை அச்சேற்றிய தமிழ்த் தாத்தாவாகப் பாடசாலையில் அவரைப் படித்திருக்கிறோம். அவருடைய உழைப்பைப் பற்றிப் புதிதாகச் சொல்ல எதுவுமில்லை. ஆனால், அவ்வளவு உழைத்த மனிதரின் வாழ்க்கையில் நெடுங்காலம் எழுதப்படாமல் இருந்த இரண்டு நூல்கள் உண்டு. ஒன்று ஆசிரியரின் வரலாறு, மற்றது தன்னுடைய வரலாறு. அவை ஏன் தாமதமாகின, பிறகு எப்படி எழுதப்பட்டன என்பதே என்னுடைய கேள்வி.

தண்ணீரூற்றில் இருந்துகொண்டு இந்தக் கேள்வியைத் தவிர்க்க முடியாது. அ. பாலமனோகரன் 1973இல் 'நிலக்கிளி' நாவலைத் தந்தது இந்த மண்ணிலிருந்துதான். இன்றும் இங்கேயும் முள்ளியவளையிலும் செய்திக்காக நான் சந்திக்கும் பலரிடம் எழுதப்படாத ஒரு புத்தகம் இருக்கிறது. சிலர் கவிதை எழுதுபவர்கள், சிலர் இளைப்பாறிய ஆசிரியர்கள். காலபோக அறுவடை முடியட்டும், பிள்ளைகள் கரைசேரட்டும், பென்சன் எடுத்தபின் ஆறுதலாக இருந்து எழுதலாம் என்கிறார்கள். இவர்களில் எவரும் சோம்பேறிகள் இல்லை. உ.வே.சாவும் சோம்பேறி இல்லை. அதனால்தான் அவருடைய கதை நமக்குப் பயன்படும் என்று நினைக்கிறேன்.

ஆசிரியருக்காக 57 ஆண்டுகள்

உத்தமதானபுரத்தைச் சேர்ந்த சாமிநாதையர் 1855இல் பிறந்தார். 1871இல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் மாணவராகச் சேர்ந்தார். பிள்ளை வாயால் பாடிக்கொண்டே போவார், மாணவர் ஏட்டில் எழுதுவார். அப்படி எழுதிய கைகளில் இந்த இளைஞருடையதும் ஒன்று. 1876 பெப்ரவரி 1ஆம் திகதி பிள்ளை காலமானார். அவருடைய வரலாற்றை எழுதத் தகுதியானவர் யார் என்று கேட்டால், கடைசி ஆண்டுகளில் அருகிலிருந்த இந்த மாணவரைத்தான் எவரும் காட்டியிருப்பார்கள். அந்த நூலின் முதற்பாகம் வெளிவந்தது 1933இல். இரண்டாம் பாகம் 1934இல். இடையில் 57 ஆண்டுகள் போய்விட்டன.

அந்த ஆண்டுகளில் அவர் சும்மா இருக்கவில்லை. 1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியரானார். 1903இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாறி 1919இல்தான் ஓய்வுபெற்றார். வேலைக்கு இடையிலேயே சீவக சிந்தாமணி 1887இலும், பத்துப்பாட்டு 1889இலும், சிலப்பதிகாரம் 1892இலும், புறநானூறு 1894இலும், மணிமேகலை 1898இலும் அவர் கையால் அச்சேறின. இவற்றில் எதை விட்டுவிட்டு ஆசிரியரின் வரலாற்றை எழுதியிருக்க வேண்டும் என்று யாரும் அவரைக் கேட்க முடியாது.

ஆனால் காலமும் காத்திருக்கவில்லை. பிள்ளையை நன்கறிந்த திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகரும், பிள்ளையின் மூத்த மாணவர் தியாகராச செட்டியாரும் 1888இலேயே மறைந்துவிட்டார்கள். நூல் வந்தபோது அதைப் படித்து மகிழ்ந்திருக்க வேண்டிய பெரும்பாலானோர் உயிரோடு இல்லை. அப்படியிருந்தும் நூல் இரண்டு பாகங்களாக விரியக் காரணம், அவர் எழுதாத காலத்திலும் சேர்த்துக்கொண்டே இருந்ததுதான். ஆசிரியரின் கடிதங்கள், தனிப்பாடல்கள், பிறர் சொன்ன செய்திகள் என்று எல்லாவற்றையும் அவர் திரட்டிவைத்திருந்தார். 78ஆவது வயதில் எழுத உட்கார்ந்தவருக்கு முன்னால் வெறும் தாள் மட்டும் இருக்கவில்லை.

கேட்க ஒருவர் இருந்தார்

சிந்தாமணியின் கதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது. 1880 ஒக்ரோபரில், கும்பகோணத்துக்கு முன்சீப்பாக வந்த சேலம் இராமசாமி முதலியார் அவரிடம் என்ன படித்தீர்கள் என்று கேட்டார். இவர் தான் படித்த பிற்கால நூல்களை வரிசையாகச் சொன்னார். முதலியார் வியக்கவில்லை, சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று கேட்டார். இவர் படித்ததில்லை. பிறகு முதலியாருக்கு அந்த நூலையே பாடம் சொல்ல ஒப்புக்கொண்டார். தனக்கே புரியாத நூலை இன்னொருவருக்குச் சொல்ல வேண்டுமென்றால் முன்கூட்டியே படித்தாக வேண்டும். வேறு வழியில்லை. அந்தக் கட்டாயம்தான் பழந்தமிழ் நூல்களுக்குள் அவரைக் கொண்டுபோனது.

அச்சிட்ட பின்னும் அவர் சிந்தாமணியை விடவில்லை. 1907இல் இரண்டாம் பதிப்பு, 1922இல் மூன்றாம் பதிப்பு என்று திருத்திக்கொண்டே போனார். எல்லாச் சந்தேகமும் தீரட்டும் என்று காத்திருந்தால் 1887இல் நூல் வந்திராது. முழுமையாக வராவிட்டால் எழுதவே வேண்டாம் என்று நினைக்கிற எவரும் இந்த மூன்று ஆண்டுகளையும் எழுதிவைத்துக்கொள்ளலாம்.

கிழமைக்கு ஓர் அத்தியாயம்

1935இல் சென்னையில் அவருடைய 80ஆவது ஆண்டு நிறைவு பெருவிழாவாகக் கொண்டாடப்பட்டது. தன் வரலாற்றை எழுதும்படி அன்பர்கள் அவரை வற்புறுத்தினார்கள். உடனே ஆகவில்லை. ஆனால் அந்தப் பத்தாண்டில் அவர் இதழ்களுக்குச் சிறு சிறு நினைவுக் கட்டுரைகளை எழுதிவந்தார். 'நான் கண்டதும் கேட்டதும்', 'பழையதும் புதியதும்' போன்ற தொகுப்புகள் அப்படி வந்தவை. ஒரு மனிதர், ஒரு சம்பவம், சில பக்கங்கள், அவ்வளவுதான். பெரிய நூலுக்குரிய எளிய, கதைசொல்லும் உரைநடை இந்தச் சின்னக் கட்டுரைகளில் பழகியிருந்தது.

பின்னர் விகடன் வந்தது. அப்போது அதன் ஆசிரியராக இருந்தவர் கல்கி. கிழமை தோறும் இதழ் வெளிவரும், அதற்கு அத்தியாயம் போக வேண்டும். முதியவர் சொல்லச் சொல்ல எழுத, மாணவர் கி.வா. ஜகந்நாதன் பக்கத்தில் இருந்தார். ஒரு காலத்தில் ஆசிரியர் சொல்ல எழுதியவர், இப்போது தன் மாணவர் எழுதச் சொல்லிக்கொண்டிருந்தார். குறித்த நாள், கேட்டு எழுத ஓர் ஆள், ஒரு தடவைக்கு ஓர் அத்தியாயம். பல ஆண்டு வற்புறுத்தல் செய்யாததை இந்த ஏற்பாடு செய்தது.

அவரிடம் இல்லாதிருந்தது காலம் மட்டும்தான். 1942 ஏப்ரல் 5ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் கொழும்பில் குண்டு போட்டன, 9ஆம் திகதி திருகோணமலையில். அடுத்தது சென்னை என்ற அச்சத்தில் அந்த நகரம் காலியானது. உ.வே.சாவும் திருக்கழுக்குன்றத்துக்கு இடம்பெயர்ந்தார். ஏப்ரல் 28ஆம் திகதி, 87ஆவது வயதில், அங்கேயே காலமானார். 'என் சரித்திரம்' 122 அத்தியாயங்களோடு நின்றுபோனது. மணிமேகலைப் பதிப்புக் காலம் வரை, அதாவது ஏறக்குறைய 44 வயது வரையான கதைதான் அதில் இருக்கிறது.

இழப்பு எது?

தாமதத்தின் விலை என்னவென்று அவரை விட அறிந்தவர் குறைவு. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலுக்கு ஏடு தேடிப் போனபோது, பழைய சுவடிகள் நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் இடப்பட்டுவிட்டதை அறிந்து நொந்தவர் அவர். வன்னியில் எங்களுக்கும் இது தெரியும். 1990இல் தண்ணீரூற்றிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள் எதைக் கொண்டுபோக முடிந்தது? 2009இல் பதுங்குகுழிகளில் எத்தனை கொப்பிகள், படங்கள், கடிதங்கள் போயின? தாளில் இருந்தவை போனபின், மிச்சம் மனிதர்களின் ஞாபகத்தில்தான் இருக்கிறது. அந்த மனிதர்களுக்கும் வயதாகிறது.

ஆகவே எழுத நினைப்பவர்களுக்கு நான் சொல்ல வருவது பெரிய தத்துவம் இல்லை. ஓய்வு கிடைக்கும் நாளைப் பார்த்திருக்க வேண்டாம். கிழமையில் ஒரு நாளைக் குறியுங்கள். நீங்கள் சொல்வதைக் கேட்டு எழுத, அல்லது எங்கே என்று கேட்டு நச்சரிக்க, ஒருவரைப் பிடியுங்கள். முழு நாவல் வேண்டாம், ஒரு மனிதரைப் பற்றி மூன்று பக்கம் போதும். பிழை இருந்தால் அடுத்த பதிப்பில் திருத்தலாம்.

உ.வே.சாவின் எஞ்சிய ஆண்டுகளைப் பின்னாளில் கி.வா.ஜ. 'என் ஆசிரியப்பிரான்' என்ற நூலில் எழுதினார். அன்பான மாணவர், நல்ல எழுத்தாளர், பக்கத்திலேயே இருந்தவர். ஆனாலும் அந்த நாற்பதுக்கு மேற்பட்ட ஆண்டுகளை உ.வே.சாவே சொல்லியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்பதை இனி யாரும் படிக்க முடியாது.