தாதாசாகேப் பால்கே

பிறர் இட்ட பாதையில் நடத்தல் எளிது. காடு திருத்திப் பாதை இடுதல் அரிது. இன்று திரைப்படத் தொழிலில் புக விரும்பும் இளைஞர்க்குப் பயிற்சிப் பள்ளிகள் உண்டு, படநிலையங்கள் உண்டு, வழிகாட்டும் ஆசிரியர்களும் உண்டு. ஒரு நூற்றாண்டிற்கு முன்னர் இவற்றுள் ஒன்றேனும் நம் நாட்டில் இருந்ததில்லை. நடிப்பதற்கு ஆள் இல்லை. படம் பிடிக்கும் கருவி கிடைப்பது அரிது. அதனைக் கற்பிப்பார் இல்லை. அந்நிலையில், நாற்பது வயதைக் கடந்த குடும்பத்தலைவர் ஒருவர், தம் உடைமை அனைத்தையும் பணயமாக வைத்து அத்தொழிலைத் தொடங்கினார். அவரே தாதாசாகேப் பால்கே என்று நாடு போற்றும் பெரியார்.

அவருடைய இயற்பெயர் துண்டிராஜ் கோவிந்த பால்கே என்பது. அவர் 1870ஆம் ஆண்டு ஏப்ரல் திங்கள் 30ஆம் நாள், கோதாவரி தோன்றும் திருத்தலமாகிய திரியம்பகத்தில் பிறந்தார். அத்தலம் நாசிக் நகருக்கு அண்மையில் உள்ளது. தந்தையார் வடமொழிப் புலமை மிக்கவர். எனவே, இராமன் கதையும் கண்ணன் கதையும் பால்கேயின் உள்ளத்தில் இளமையிலேயே வேரூன்றின. ஆயினும், தந்தையாரைப் போல ஏட்டுக் கல்வியில் அமையாமல், அவர் மனம் கைத்திறன் சார்ந்த கலைகளையே நாடிற்று. பதினைந்தாம் வயதில் பம்பாயிலிருந்த ஓவியக் கலைப் பள்ளியில் சேர்ந்தார். பின்னர்ப் பரோடாவிலிருந்த கலாபவனத்தில் ஓவியம், ஒளிப்படம், அச்சுக்கலை முதலியவற்றைப் பயின்றார். கண்கட்டு வித்தையையும் விரும்பிக் கற்றுக்கொண்டார்.

கலைகள் பல கற்றவர்க்கு வாழ்வு எளிதில் அமைந்துவிடவில்லை. கோத்ரா என்னும் ஊரில் ஒளிப்பட நிலையம் ஒன்று அமைத்தார். அந்நாளில் பரவிய பிளேக்கு நோய் அவர் மனைவியாரையும் குழந்தையையும் கொண்டுசென்றது. நெஞ்சு உடைந்த அவர் அவ்வூரை விட்டு நீங்கினார். சில ஆண்டுகளுக்குப் பின் சரசுவதிபாய் என்னும் நங்கையை மணந்தார். தொல்பொருள் ஆய்வுத் துறையில் வரைவாளராகவும் ஒளிப்படக்காரராகவும் பணியாற்றினார். சுதேசி இயக்கம் எழுந்த காலத்தில் அப்பணியைத் துறந்தார். புராணத் திருவுருவங்களை இல்லந்தோறும் பரப்பிய ஓவியர் இரவிவர்மாவின் அச்சுக்கூடத்திற்குப் பணி செய்தார்; பின்னர்த் தாமே அச்சுக்கூடம் ஒன்று நிறுவினார்; வண்ண அச்சு நுட்பம் அறிய 1909இல் செருமனி நாட்டிற்கும் சென்று வந்தார். ஆனால், பங்காளிகளோடு கருத்து வேறுபாடு தோன்றவே, தாம் வளர்த்த தொழிலை அவர்களிடமே விட்டு வெளியேறினார். இவ்வாறு நாற்பது வயதிற்குள் அவர் பற்றிய கொம்புகள் எல்லாம் ஒடிந்தன. எடுத்த தொழிலில் நிலைக்காதவர் என்று உலகம் அவரை எண்ணியிருத்தல் கூடும்.

அக்காலத்தில்தான் அவர் வாழ்வைத் திருப்பிய நிகழ்ச்சி நேர்ந்தது. 1911ஆம் ஆண்டளவில், பம்பாய்க் கிர்காம் பகுதியிலிருந்த கொட்டகை ஒன்றில் ஏசுநாதர் வரலாற்றைக் கூறும் மேனாட்டு ஊமைப்படம் ஒன்றைக் கண்டார். நம் நாட்டு மக்கள் 1896ஆம் ஆண்டு முதலே அசையும் படங்களைக் கண்டு வியந்து வந்தனர். எனினும், வியப்போடு பலர் நின்றுவிட்டனர். பால்கேயோ அவ்வாறு நின்றாரல்லர். திரையில் ஏசுநாதரைக் கண்டபொழுதே, அவருடைய அகக்கண்ணில் கண்ணனும் இராமனும் கோகுலமும் அயோத்தியும் தோன்றின. நம் நாட்டுக் கதைகளை நம்மவரே இவ்வாறு திரையில் காட்டும் நாள் வாராதோ என்று ஏங்கினார். மறுகாட்சிக்கு மனைவியாரையும் அழைத்துச் சென்று தம் எண்ணத்தை வெளியிட்டார்.

அன்று தொடங்கி அவர் வேறொன்றையும் நினைத்திலர். நாள்தோறும் படக்கொட்டகைகளுக்குச் சென்றார். இரவில் கண்விழித்து நூல்களைப் படித்தார். சிறு கருவி ஒன்றை வாங்கிச் சோதனைகள் செய்தார். ஓய்வின்மையால் அவர்தம் கண்ணொளி மங்கிற்று. மருத்துவரின் முயற்சியால் பார்வை மீண்டது. மீண்டதும் முன்போலவே உழைக்கலானார். அவருக்குச் சித்தம் திரிந்துவிட்டது என்று எண்ணிய நண்பர்களும் உளர்.

இத்தொழிலை உள்ளவாறு அறிய இங்கிலாந்து செல்ல வேண்டும் என்று துணிந்தார். கையிலோ பொருள் இல்லை. தம் ஆயுள் காப்புறுதிப் பத்திரங்களை ஈடுவைத்துக் கடன் பெற்று, 1912ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் இலண்டனுக்குக் கப்பலேறினார். தமக்கு ஏதேனும் நேரின் குடும்பத்தைக் காக்க இருந்த ஒரே பொருளும் அதனோடு போயிற்று. இலண்டனில் அவரை அறிந்தார் ஒருவரும் இலர். திரைப்படச் செய்தி இதழ் ஒன்றின் ஆசிரியராகிய கேபர்ன் என்பாரை நேரே சென்று கண்டார். அவர் முதலில் இம்முயற்சி வேண்டா என்று தடுத்தார். பின்னர்ப் பால்கேயின் உறுதியைக் கண்டு, செசில் எப்வொர்த் என்பவரின் படநிலையத்தைக் காண வழிசெய்தார். அங்குச் சில நாள் தங்கித் தொழில் நுட்பங்களைக் கண்டறிந்த பால்கே, படம் பிடிக்கும் கருவியும் சுருளில் துளையிடும் பொறியும் வாங்க ஏற்பாடு செய்துவிட்டு, ஏப்ரல் திங்களில் தாயகம் திரும்பினார்.

கருவி வந்தது, படம் எடுக்கப் பொருள் வேண்டுமே! பொருளுடையாரை நம்பச் செய்ய அவர் கண்ட வழி வியத்தற்குரியது. பட்டாணி விதை ஒன்றைத் தொட்டியில் ஊன்றி, அதன் முன் கருவியை நிறுத்தினார். விதை முளைத்துச் செடியாக வளரும் வரை, ஒரு திங்களுக்கு மேலாக, நாள்தோறும் சிறிது சிறிதாகப் படம் பிடித்தார். ஒரு திங்கள் வளர்ச்சி ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் திரையில் ஓடிற்று. கண்முன்னே விதை பிளந்து செடி நிமிர்வதைக் கண்டவர்கள் வியந்தனர். கடன் கொடுக்கவும் இசைந்தனர். சரசுவதிபாயும் தம் அணிகலன்களை மனமுவந்து கழற்றிக் கொடுத்தார்.

அவ்வம்மையாரின் தொண்டு அணிகலன்களோடு நின்றதன்று. வெளிநாட்டிலிருந்து வந்த படச்சுருள்களின் விளிம்புகளில் துளை இருப்பதில்லை. ஒளி சிறிதும் புகாத இருட்டறையில் அமர்ந்து அவற்றிற்குத் துளையிடும் பணியை அவர் கற்றுக்கொண்டார். கதிரொளியை நடிகர்மீது திருப்ப வெள்ளைத் துணியைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றார். இவற்றின் இடையே, அறுபது எழுபது பேருக்கு அவரே உணவு சமைத்தார். கணவர் பெயரை உலகம் அறியும். இருட்டறையில் உழைத்த அவ்விரண்டு கைகளையும் நாம் மறத்தலாகாது.

முதற்படத்திற்கு அரிச்சந்திரன் கதையைத் தேர்ந்தார் பால்கே. வாய்மைக்காக நாடும் மனையும் மகனும் இழந்த மன்னன் கதையை, தம் உடைமை யாவும் இழக்கத் துணிந்தவர் எடுத்தது பொருத்தமே அன்றோ? ஆனால், நடிப்பதற்கு ஆட்கள் கிடைத்தல் அரிதாயிற்று. படத்தில் நடித்தல் இழிவு என்று கருதிய காலம் அது. எங்கே வேலை செய்கிறீர் என்று எவரேனும் வினவினால், அரிச்சந்திரன் என்பாரின் தொழிற்சாலையில் வேலை என்று விடை கூறுமாறு தம் நடிகர்களுக்கு அவர் சொல்லிவைத்தாராம். தாராமதியாக நடிக்க, தமிழர் சந்திரமதி என்று அழைக்கும் அரசியாக நடிக்க, எந்தப் பெண்ணும் முன்வரவில்லை. இறுதியில், உணவு விடுதி ஒன்றில் பத்து ரூபாய்ச் சம்பளத்திற்கு வேலை செய்த சாளுங்கே என்னும் இளைஞரைக் கண்டார். பதினைந்து ரூபாய் தருவதாகக் கூறி அவரை அழைத்துவந்து அரசியாக்கினார். அரசன் மகனாக நடித்த சிறுவன் பால்கேயின் மகனே.

ஏறத்தாழ ஏழு திங்கள் உழைப்பிற்குப் பின் படம் முற்றுப்பெற்றது. 1913ஆம் ஆண்டு மே திங்கள் 3ஆம் நாள், பம்பாய்க் கொரனேசன் கொட்டகையில் அது மக்களுக்குக் காட்டப்பெற்றது. நீளம் ஏறக்குறைய 3,700 அடி. இந்தியாவின் முதல் முழுநீளக் கதைப்படம் என்று பலரும் கொள்வது இதனையே. மக்கள் திரண்டு வந்தனர். ஓவியத்தில் கண்ட அரசர்களும் முனிவர்களும் திரையில் நடப்பதைக் கண்டு மகிழ்ந்தனர். பால்கேயின் முன்னைய தோல்விகள் தோல்விகள் அல்ல என்பது அன்று விளங்கிற்று. ஓவியம் காட்சிச் சீலைகளாயிற்று. ஒளிப்படக் கலை படப்பிடிப்பாயிற்று. அச்சுக்கூடத்து மருந்துநீர்ப் பழக்கம் சுருள் கழுவ உதவிற்று. கண்கட்டு வித்தை தெய்வங்கள் தோன்றி மறையும் காட்சிகளாயிற்று. தனித்தனியே ஓடிய சிற்றாறுகள் ஒரு பேராற்றில் வந்து கலந்தன.

அதே ஆண்டில் எடுத்த மோகினி பஸ்மாசுரன் படத்தில் துர்காபாய் காமத் என்னும் அம்மையாரும் அவர் மகள் கமலாபாயும் நடித்தனர். அதனால் பெண்டிர்க்கும் திரையுலகின் வாயில் திறந்தது. 1917இல் வெளிவந்த இலங்கா தகனத்தில் சாளுங்கே ஒருவரே இராமனாகவும் சீதையாகவும் தோன்றினார். 1919இல் காளிய மர்த்தனத்தில் பால்கேயின் சிறுமகள் மந்தாகினி கண்ணனாக நடித்துப் புகழ் பெற்றாள். சென்னையிலும் நடராச முதலியார் கீசக வதத்தை எடுத்துத் தென்னாட்டுத் திரைத்தொழிலுக்கு வித்திட்டார். இது பால்கேயின் முதற்படம் வெளிவந்து ஏறக்குறைய ஐந்தாண்டுகளில் நிகழ்ந்தது.

பால்கேயின் பிற்காலம் வளமுடையதாக அமையவில்லை. கலையில் தேர்ந்த அவர், பிறரோடு இணங்கித் தொழில் நடத்துவதில் அத்துணைத் தேர்ச்சி பெற்றாரல்லர். 1918இல் செல்வர் சிலரோடு தொடங்கிய படக்கழகத்தில் மனவேறுபாடு கொண்டு விலகினார், மீண்டும் சேர்ந்தார். 1931இல் படம் பேசத் தொடங்கியது. ஊமைப்படத்தில் வல்லவரான அவர்க்குப் புதிய காலம் இடந்தரவில்லை. 1937இல் எடுத்த கங்காவதரணம் என்னும் பேசும்படமே அவருடைய இறுதிப்படமாயிற்று. 1944ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 16ஆம் நாள், ஏறத்தாழ உலகம் மறந்த நிலையில், நாசிக்கில் அவர் மறைந்தார். 1969இல் இந்திய அரசு திரைத்துறையின் தலையாய விருதினை அவர் பெயரால் நிறுவிற்று. தமிழ்நாட்டின் சிவாசி கணேசனும் இயக்குநர் பாலசந்தரும் அவ்விருதினைப் பெற்ற பெருமையுடையோர்.

மாணவர்களே! கலைத்துறையில் புகழ் பெற விரும்புதல் தவறன்று. ஆனால், பால்கே புகழை நாடிச் சென்றாரல்லர். வேலையை நாடிச் சென்றார். கருவியின் ஒவ்வோர் உறுப்பையும் அறிந்த பின்னரே அதனை இயக்கினார். கற்ற கலை உடனே பயன் தராதாயினும் உரிய காலத்தில் உதவும் என்பதற்கு அவர் வாழ்வே சான்று. நிலத்தில் மறைந்து கிடக்கும் விதையைக் கண்டு அது மடிந்தது என்று எண்ணுதல் கூடாது. நாள்தோறும் பொறுமையுடன் நின்று நோக்குவார்க்கே அது முளைத்து நிமிரும் காட்சி புலனாகும்.