புதுக்கோட்டைப் பொண்ணு கட்டின அடையாறு



கீரமங்கலம் பூ மார்க்கெட்ல இருந்து ஆலங்குடி வழியா பஸ் ஏறினா புதுக்கோட்டை. எங்க பக்கத்துல யாராவது வைத்தியத்துக்கு அடையாறு போறாங்கன்னு சொன்னாலே போதும், என்ன வியாதின்னு புரிஞ்சிரும். அந்த அடையாறு ஆஸ்பத்திரியை உருவாக்கினவங்க நம்ம புதுக்கோட்டைக்காரங்கன்னு எத்தனை பேருக்குத் தெரியும்?

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. 1886 ஜூலை 30ல் புதுக்கோட்டையில் பிறந்தவர். அப்பா நாராயணசாமி, கல்லூரி முதல்வர். அம்மா சந்திரம்மாள், தேவதாசி மரபில் வந்தவர். ஆண்கள் மட்டும் படிச்ச மகாராஜா கல்லூரியில் ஒரு பெண்ணைச் சேர்க்கக் கூடாதுன்னு எதிர்ப்பு கிளம்பியது. புதுக்கோட்டை மன்னரே அனுமதி கொடுத்த பிறகுதான் உள்ளே போக முடிந்தது. 1907ல் சென்னை மருத்துவக் கல்லூரி, 1912ல் டாக்டர் பட்டம்.

எல்லாம் நல்லாத்தான் போச்சு. ஆனா 1923ல் தங்கை புற்றுநோயில் இறந்துபோனார். அக்கா டாக்டர், இருந்தும் காப்பாத்த முடியலை. அந்த இழப்பு அவரை விடவே இல்லை. 1925ல் மேல்படிப்புக்கு இங்கிலாந்து போனப்ப, புற்றுநோய்க்குன்னே தனியா நடக்கிற மருத்துவமனையைப் பார்த்தார். இது நம்ம ஊர்லயும் வேணும்னு மனசுல முடிவு பண்ணிட்டார்.

1927ல் சென்னை சட்டமன்றத்தின் முதல் பெண் உறுப்பினர். தேவதாசி முறையை ஒழிக்கப் போராடினார், ஆதரவற்ற பெண்களுக்கு ஔவை இல்லம் தொடங்கினார். ஆனா ஆஸ்பத்திரி கனவு மட்டும் லேசில் நடக்கலை. நன்கொடை திரட்டி, 1952ல் நேரு அடிக்கல் நாட்டி, 1954ல் அடையாறு புற்றுநோய் நிலையம் 12 படுக்கைகளோடு திறந்தது. தங்கை இறந்து 31 வருஷம்! அப்போ அவருக்கு வயசு 67.

இப்ப கொஞ்சம் சயின்ஸ். 1950ல்தான் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் செல் உட்கருவின் சுவரில் இருக்கிற துளைகளைத் தெளிவா பார்த்தாங்க. பேரு நியூக்ளியர் போர் (சண்டை இல்லீங்க, துளை!). உட்கருவுக்குள்ள எது போகணும், எது வெளியே வரணும்னு பார்த்து அனுப்புற செக்போஸ்ட் இது. சுமார் 30 வகைப் புரதங்களால ஆனது. அதில் ஒண்ணு நூப் 98. அதோட ஜீன் உடைஞ்சு வேற ஜீனோட ஒட்டிக்கிட்டா சில வகை ரத்தப் புற்றுநோய் வருது. பி 53ன்னு ஒரு புரதம், உட்கருவுக்குள்ள இருந்து புற்றுநோயைத் தடுக்கிற காவலாளி. பல புற்றுநோய்களில் எக்ஸ்போ 1 என்கிற கடத்தி புரதம் அளவுக்கு மேல இருக்கும்; அது அந்தக் காவலாளியை இந்தத் துளை வழியா வெளியே தள்ளிவிடும். அந்தக் கடத்தியைத் தடுக்கிற செலினெக்ஸார் மருந்துக்கு 2019ல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது.

முத்துலட்சுமி அடையாறில் கதவைத் திறந்தப்ப இதில் பெரும்பாலானது யாருக்கும் தெரியாது. எல்லாம் தெரியட்டும், அப்புறம் பார்க்கலாம்னு அவர் காத்திருக்கலை. வலியோட வர்றவங்களுக்கு முதல்ல ஒரு இடம் வேணும்னு 12 கட்டில் போட்டார். 1968 ஜூலை 22ல் மறைந்தார். அந்த 12 கட்டில் இன்னிக்குப் பெரிய மருத்துவமனையாவும் ஆராய்ச்சி நிலையமாவும் வளர்ந்து நிக்குது.

ப்ராஜெக்ட்டுக்கு எல்லாம் தெரிஞ்ச பிறகு தொடங்கலாம்னு தள்ளிப்போடுற நமக்கு, நம்ம மாவட்டத்து டாக்டரம்மா விட்டுட்டுப் போன பாடம் இதுதான்.