ஊரார் பங்கு நாலு காசு

நம் ‘பி’ பிளாக்குக்குப் பின்னால் உள்ள அரசுப் பள்ளியின் மணிச் சத்தம் உங்கள் வீட்டுக்கும் கேட்கும். நம் வீடுகளில் வேலை செய்பவர்களின் பிள்ளைகள் அங்கேதான் படிக்கிறார்கள். அந்தப் பள்ளிக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று சென்ற கூட்டத்தில் ஒருவர் கேட்டார். எனக்கு உடனே நெ.து. சுந்தரவடிவேலு நினைவுக்கு வந்தார்.

காஞ்சிபுரம் பக்கம் நெய்யாடுபாக்கத்தில் 1912இல் பிறந்தவர். கல்வித் துறையில் சேர்ந்து, பள்ளிகளைப் பார்வையிட ஊர் ஊராகச் சுற்றியவர். காமராஜர் முதலமைச்சரான 1954ஆம் ஆண்டிலேயே இவர் பொதுக்கல்வி இயக்குநர் ஆனார்.

பசியோடு இருக்கும் பிள்ளை பள்ளிக்கு வராது. மதிய உணவு 1956இல் ஊரார் நன்கொடையில்தான் தொடங்கியது. அடுத்த ஆண்டு அரசும் பங்கு போட்டது. ஒரு சாப்பாட்டுக்கு 10 காசு. அதில் அரசு 6, ஊர் 4. நான் வங்கியில் இருந்தவன், இந்தக் கணக்கு எனக்கு நன்றாகப் புரிகிறது. கடன் கேட்டு வருபவரிடம் ‘மார்ஜின்’ என்று ஒரு பங்கை அவர் கையிலிருந்து போடச் சொல்வோம். சொந்தப் பணம் போட்டவர் கடையைக் கவனிக்காமல் இருக்க மாட்டார்.

1958இல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் தொடங்கின. ஆசிரியர்களும் ஊர்க்காரர்களும் உட்கார்ந்து, பள்ளிக்கு என்னென்ன தேவை என்று எழுதினார்கள். கரும்பலகை, பெஞ்சு, கடிகாரம், கட்டடம், சீருடை என்று பட்டியல் நீளும். எதை யார் செய்து தருவது என்று ஊரே பிரித்துக்கொள்ளும். சிலர் நிலமே கொடுத்தார்கள். காமராஜரும் இந்த மாநாடுகளுக்கு வந்தார்.

நான் மூன்றாம் வகுப்பு படித்த கிராமத்துப் பள்ளியில் ஒரு சுவர்க் கடிகாரம் இருந்தது. அதன் கீழே மளிகைக் கடைக்காரர் ஒருவரின் பெயரும் ‘உபயம்’ என்ற சொல்லும் பெயின்டில் எழுதியிருக்கும். அந்த வழியாகப் போகும்போதெல்லாம் கடிகாரம் ஓடுகிறதா என்று எட்டிப் பார்ப்பார். வெளியே சுற்றும் பையன்களையும் விரட்டி உள்ளே அனுப்புவார். நானும் ஒரு தடவை மாட்டியிருக்கிறேன்!

அரசு செய்ய வேண்டியதை ஊர் தலையில் கட்டலாமா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். வசதியான ஊருக்கு இது சுலபம், இல்லாத ஊருக்குக் கஷ்டம். ஆனால் அவர் ஊரிடம் கேட்டது பணம் மட்டுமல்ல, அந்த எட்டிப் பார்த்தலையும் சேர்த்துத்தான் என்று நினைக்கிறேன்.

1961இல் பத்மஸ்ரீ பெற்றார். 1969 முதல் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தார். ‘நினைவு அலைகள்’ என்று தன் வரலாற்றை எழுதினார். 1993இல் காலமானார்.

பின்தெருப் பள்ளித் தலைமையாசிரியையிடம் ஒரு பட்டியல் கேட்டு வாங்கினேன். இரண்டு மின்விசிறி, தண்ணீர்த் தொட்டிக்கு மூடி, மாலையில் கணக்குச் சொல்லித்தர ஓர் ஆள். கணக்குக்கு என் பெயரைக் கொடுத்துவிட்டேன். பட்டியல் அசோசியேஷன் அறிவிப்புப் பலகையில் இருக்கிறது, மற்ற இரண்டுக்கும் எதிரே இடம் காலியாக இருக்கிறது.