1729 எந்தக் கட்டத்தில் இருக்கு?

முதல் வருட லேப்பில் இந்தக் கணக்கைப் பார்த்திருப்பீங்க. நிரையிலும் நிரலிலும் எண்கள் ஏறுமுகமா இருக்கிற ஒரு மேட்ரிக்ஸ். கேட்ட எண் அதில் இருக்கா? ரெண்டு ஃபார் லூப் போட்டு எல்லாக் கட்டத்தையும் தட்டிப் பார்ப்போம். நானும் அப்படித்தான் ஆரம்பிச்சேன்.

இப்போ நம்ம காரைக்காலிலிருந்து கும்பகோணத்துக்கு வாங்க. சாரங்கபாணி சன்னிதித் தெருவில் ராமானுஜன் வளர்ந்த வீடு இன்னமும் இருக்கு. பிறந்தது ஈரோடு, 1887 டிசம்பர் 22. அப்பா ஜவுளிக்கடைக் குமாஸ்தா. பள்ளிக்கூடத்தில் பரிசு மேல பரிசு வாங்கினவர், கும்பகோணம் அரசுக் கல்லூரியில் கணக்கைத் தவிர மற்ற பாடங்களைக் கோட்டை விட்டார், உதவித்தொகை போச்சு. சென்னை பச்சையப்பனிலும் தேறலை. டிகிரி இல்லை, வேலை இல்லை. காகிதம் வாங்கக் காசில்லாம சிலேட்டில் போட்டு, முழங்கையால அழிச்சு, விடையை மட்டும் நோட்டில் எழுதினார். 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தா வேலை, மாசம் 30 ரூபாய். 1913-ல் ஹார்டிக்குக் கடிதம், 1914-ல் கேம்பிரிட்ஜ். அங்கே போர்க்காலம், சைவச் சாப்பாட்டுக்குத் திண்டாட்டம், அப்புறம் நோய்.

லண்டன் பக்கம் பட்னியில் படுத்திருந்தவரைப் பார்க்க வந்த ஹார்டி, தான் வந்த டாக்ஸி எண் 1729, அதில் விசேஷம் ஒன்றுமில்லைன்னார். ராமானுஜன் உடனே மறுத்தார்: இரண்டு கன எண்களின் கூட்டலா இரண்டு விதமா எழுதக்கூடிய எண்களில் அதுதான் மிகச் சிறியது.

இதை நம்ம மேட்ரிக்ஸில் தேடுவோம். 12-க்கு 12 கட்டம்; i-ஆவது நிரை, j-ஆவது நிரலில் i³+j³. வலது மேல் மூலையில் ஆரம்பிங்க. அந்தக் கட்டம் தன் நிரையில் பெரியது, நிரலில் சிறியது. தேடுற எண்ணைவிடச் சின்னதா இருந்தா அந்த நிரையே வேண்டாம், கீழே இறங்கு; பெரிசா இருந்தா நிரலே வேண்டாம், இடப்பக்கம் நகரு. முதல் கட்டமே 1³+12³, சிக்கிடுச்சு! அந்த நிரையையும் நிரலையும் விட்டா அடுத்தது 2³+11³ = 1339. சின்னது, இறங்கு. 7³+11³ = 1674 வரை இறக்கம்தான். 8³+11³ = 1843, தாண்டிடுச்சு; இடப்பக்கம் 8³+10³ = 1512. இன்னொரு படி இறங்கினா 9³+10³ = 1729. மொத்தம் 144 கட்டத்தில் பார்த்தது 10 மட்டும்.

அவர் மனசில் இப்படி எந்த லூப்பும் ஓடியிருக்காதுன்னுதான் நினைக்கிறேன். கன எண்களோடவே புழங்கினவர். 1919-ல் ஊர் திரும்பி, 1920 ஏப்ரல் 26-ல் சென்னையில் காலமானார், வயசு 32. 1976-ல் கேம்பிரிட்ஜ் நூலகத்தில் கண்டெடுத்த அவரோட தாள்களைப் பிறகு நூலாகப் பதிப்பித்தார்கள். அதில் 9³+10³ = 12³+1 என்ற வரியும் இருக்கு.

1729-க்கு அடுத்த எண் 4104. 16-க்கு 16 மேட்ரிக்ஸ் போட்டு, எத்தனை கட்டத்தில் ரெண்டு விடையும் சிக்குதுன்னு எண்ணிப் பாருங்க.