எரிக் லிடல்: மைதானத்திலும் முகாமிலும் ஒரே சாட்சி



ஞாயிறு காலையில் ஃபுட்பால் மேட்ச் வந்தால் ஆலயத்துக்குப் போவதா, மைதானத்துக்குப் போவதா? இந்தக் கேள்வி நம்மில் பலருடைய வீடுகளில் எழுகிறது. இதே கேள்வியை உலகமே பார்க்கச் சந்தித்த ஒருவரை உங்களுக்கு அறிமுகப்படுத்துகிறேன். அவர் பெயர் எரிக் லிடல்.

ஸ்காட்லாந்து மிஷனரிகளின் மகனாக 1902இல் சீனாவின் டியன்ஜின் நகரில் பிறந்தார். சிறு வயதிலேயே பெற்றோரைப் பிரிந்து இங்கிலாந்தில் விடுதிப் பள்ளியில் வளர்ந்தார். எடின்பரோ பல்கலைக்கழகத்தில் படித்த நாட்களில் ஸ்காட்லாந்துக்காக ரக்பி ஆடினார். ஓட்டத்திலோ அவரை முந்த ஆள் கிடைப்பது அரிதாயிருந்தது. 1924ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் ஓட்டத்தில் அவர் தங்கம் வாங்குவார் என்று பலரும் நம்பியிருந்தார்கள்.

ஆனால் அதன் முதல் சுற்று ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. அது கர்த்தருடைய நாள், ஆகையால் ஓடுவதில்லை என்று எரிக் தீர்மானித்தார். திரைப்படத்தில் காட்டுவதுபோல் கப்பல் ஏறும்போது எடுத்த தீர்மானம் அல்ல அது. பல மாதங்களுக்கு முன்பே சொல்லிவிட்டார். நாட்டுப்பற்று இல்லாதவர் என்று சிலர் ஏசினார்கள். அவர் யாரோடும் வாதாடவில்லை. ஞாயிறு வராத 200, 400 மீட்டர் ஓட்டங்களுக்குப் பயிற்சி எடுத்தார். 200 மீட்டரில் வெண்கலம் பெற்றார். ஜூலை 11 அன்று 400 மீட்டரை 47.6 விநாடிகளில் ஓடித் தங்கம் வென்றார். அது உலக சாதனை!

பிள்ளைகளே, கதை இங்கே முடிந்துவிடும் என்று நினைக்கிறீர்களா? மறு ஆண்டே அவர் அந்தப் புகழையெல்லாம் விட்டுவிட்டுச் சீனாவுக்குக் கப்பல் ஏறினார். டியன்ஜினில் ஆசிரியராக ஊழியம் செய்தார். கனடாவைச் சேர்ந்த ஃப்ளோரன்ஸ் என்ற நர்ஸை மணந்தார். பின்பு ஜப்பானியப் படைகள் நடமாடிய கிராமப்புறத்துக்குப் போனார். காயம்பட்டவனுக்கு இடம் கொடுத்தால் தங்கள் உயிருக்கே ஆபத்து என்று ஊரார் அஞ்சிய நாட்கள் அவை. கோயில் ஒன்றில் கிடந்த அப்படிப்பட்ட ஒரு மனிதனை எரிக் வண்டியில் ஏற்றி மிஷன் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்.

1941இல் கர்ப்பிணியான மனைவியையும் இரண்டு மகள்களையும் பாதுகாப்புக்காகக் கனடாவுக்கு அனுப்பினார். அதன்பின் பிறந்த மூன்றாவது மகளை அவர் பார்க்கவே இல்லை. 1943இல் ஜப்பானியர் அவரை வெய்ஷியன் முகாமில் அடைத்தார்கள். அங்கே பெற்றோரைப் பிரிந்த பள்ளிப் பிள்ளைகள் அநேகர் இருந்தார்கள். எரிக் அதிகாலையில் எழுந்து ஜெபித்தார். முதியவர்களுக்குத் தண்ணீர் சுமந்தார். பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் கற்பித்தார், விளையாட்டு நடத்தினார். அவர்களுக்கு அவர் எரிக் மாமா.

நர்ஸாகிய எனக்கு ஞாயிற்றுக்கிழமையும் டியூட்டி விழும். ஆகவே இனி சொல்லப்போகும் சம்பவம் என் மனதுக்கு மிகவும் நெருக்கமானது. முகாமிலும் ஞாயிற்றுக்கிழமை விளையாட்டு நடத்துவதில்லை என்பதே எரிக்கின் வழக்கம். ஒரு ஞாயிறு பிள்ளைகள் தாங்களாகவே ஹாக்கி ஆடினார்கள். அது சண்டையில் முடிந்தது. அடுத்த ஞாயிறு எரிக் தாமே மைதானத்தில் இறங்கி நடுவராக நின்றார். தங்கப் பதக்கத்துக்காக விட்டுக்கொடுக்காத நாளை, சண்டையிட்ட பிள்ளைகளுக்காகக் கொடுத்தார்.

இது கொள்கையை மாற்றிக்கொண்டதாகுமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. பாரிஸில் அவர் ஓடாமல் இருந்தது தேவனை நேசித்ததால். முகாமில் விசில் ஊதியதும் அதே அன்பினால்தான். தனக்குப் புகழ் வரும் இடத்தில் உறுதியாக இருந்தார். பிறருக்கு நன்மை வரும் இடத்தில் இளகினார். நாமோ பல சமயம் நேர்மாறாக நடக்கிறோம் அல்லவா?

எதிரிகளுக்காகவும் ஜெபிக்கவேண்டும் என்று அவர் முகாமில் கற்பித்தார். தேய்ந்துபோன தன் ஓட்டக் காலணிகளை ஸ்டீபன் மெட்காஃப் என்ற சிறுவனுக்குக் கொடுத்தார். தன்னை அடைத்து வைத்தவர்களுடைய ஜப்பான் தேசத்துக்கே அந்தச் சிறுவன் பின்னாளில் மிஷனரியாகப் போனான்.

1945 பிப்ரவரி 21 அன்று, விடுதலைக்குச் சில மாதங்களே இருக்கும்போது, மூளையில் ஏற்பட்ட கட்டியால் எரிக் முகாம் மருத்துவமனையில் காலமானார். வயது 43.

பிரியமானவர்களே, தைரியமான சாட்சி என்றால் உரத்த சத்தம் என்று எண்ணவேண்டாம். இந்த நாட்டில் நம் அயலார் நம்மைக் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஞாயிறு ஆராதனைக்காக நாம் எதை விடுகிறோம் என்று பார்க்கிறார்கள். திங்கட்கிழமை யாருக்காகத் தண்ணீர் சுமக்கிறோம் என்றும் பார்க்கிறார்கள். இரண்டிலும் அவர்கள் கிறிஸ்துவைக் காணும்படி தேவன் நமக்குக் கிருபை செய்வாராக. ஆமென்.