கற்களை வாசித்த பெண்மணி

சாஸ்திர உலகில் நிலைத்த கீர்த்தி பெற்றவர்களில் சர்வகலாசாலையின் வாசற்படியையே மிதியாதவர்களும் உண்டு. அவர்களுள் முதல் வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர் இங்கிலாந்தின் தென்கரையில் வாழ்ந்த மேரி ஆனிங் அம்மையார். மனிதன் தோன்றுவதற்கு வெகு காலம் முன்பு பூமியில் வாழ்ந்த ஜீவராசிகளைப் பற்றி நாம் அறிந்திருப்பவற்றில் ஒரு பங்கு, இவர் கையிலிருந்த சிறு சுத்தியலுக்குக் கடன்பட்டது. அந்தக் கடனை அவர் காலத்துப் பெரியோர்கள் அரைகுறையாகவே தீர்த்தார்கள். ஆதலால் அவருடைய சரித்திரம் சாஸ்திரத்தோடு நியாயத்துக்கும் சம்பந்தப்பட்டது என்று கருதுகிறோம்.

டார்ஸெட் ஜில்லாவில் லைம் ரீஜிஸ் என்ற கடற்கரை ஊரில், 1799-ம் வருஷம் மே மாதம் 21-ந் தேதி அவர் பிறந்தார். பதினைந்து மாதக் குழந்தையாக இருந்தபோது இடி விழுந்து, அவரைக் கையில் வைத்திருந்த மாதும் அருகிலிருந்த இருவரும் மாண்டனர், குழந்தை பிழைத்தது. தந்தை ரிச்சர்ட் ஆனிங் மரச்சாமான் செய்யும் தச்சர். ஓய்வு நேரத்தில் கடற்கரையில் விசித்திரமான கற்களைப் பொறுக்கி, ஊருக்கு வரும் பிரயாணிகளுக்கு விற்பார். 1810-ல் கடனை மட்டும் மிச்சமாக வைத்து அவர் காலமானார். அதன் பின் தாயும், அண்ணன் ஜோஸப்பும், மேரியும் அந்தக் கற்களையே ஜீவனத்துக்கு நம்பவேண்டியதாயிற்று.

அவ்வூரின் இருபுறமும் செங்குத்தான பாறைக் கரைகள். சுண்ணாம்புக் கல்லும் களிப்பாறையும் அடுக்கடுக்காக அமைந்த அவை, சுமார் 20 கோடி வருஷங்களுக்கு முன் கடலடியில் படிந்த சேறே. குளிர்காலப் புயலில் கரை சரிந்து விழும். அலை களிமண்ணைக் கரைத்துக்கொண்டு போகும். உள்ளே புதைந்து கல்லாய்ச் சமைந்த உயிர்களின் உருவங்கள் வெளிப்படும். இவற்றையே பாஸில் என்கிறார்கள். சுருள் வடிவான அம்மோனைட் இவற்றில் மலிவானது. நம் நாட்டில் சாளக்கிராமம் என்று பூஜிக்கப்படும் கண்டகி நதிக் கற்களும் இவ்வகையைச் சேர்ந்தவையே.

இக்கற்களைக் கண்டெடுப்பது ஒரு காரியம். இன்னதென்று நிச்சயிப்பது வேறு காரியம். அக்கரையில் காம்பும் கிளையும் இதழும் கொண்ட மலர் போன்ற ஓர் உருவம் கல்லில் பதிந்து கிடைப்பதுண்டு. பார்த்தவர் எவரும் அதைப் பூர்வகாலத்துச் செடி என்றே துணிவர். உண்மையில் அது கடல் அல்லி எனப்படும் பிராணி. நட்சத்திர மீனின் உறவு. அதன் காம்பு உடைந்த இடத்தைப் பார்த்தால் ஐந்து முனை நட்சத்திரம் போன்ற சிறு வில்லைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். வில்லையை உடைத்தால் உட்புறம் படிகம்போல் பளபளக்கும். மரமாயின் நாரோட்டமும் வளையங்களும் காணப்படும். நசுங்கிக் கரியாகவும் போயிருக்கலாம். வேடிக்கை என்னவெனில், லைம் ரீஜிஸ் கரையின் கடல் அல்லிகள் சில, கரியாய்ப்போன கட்டையோடு ஒட்டிக்கொண்டே கிடைக்கின்றன. கடலில் மிதந்த கட்டையைப் பற்றிக்கொண்டு அவை வாழ்ந்திருக்க வேண்டும் என்பது பண்டிதர் கொள்கை. மெய்யான மரமும், மரம்போல் வேஷம் பூண்ட பிராணியும் ஒரே கல்லில்! தோற்றத்தை மட்டும் சாட்சியாக வைத்துத் தீர்ப்புச் சொன்னால் என்ன ஆகும் என்பதற்கு வேறு உதாரணம் வேண்டுவதில்லை.

மேரி ஆனிங் தோற்றத்தை நம்பியவரல்லர். ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில் எழுத்து வாசனை பெற்ற அவர், பண்டிதர்களின் கட்டுரைகளை இரவல் வாங்கிப் படங்களோடு கையாலேயே பிரதி செய்து படித்தார். மீனையும் கணவாயையும் அறுத்துப் பார்த்து, கல்லில் கண்டதோடு ஒப்பிட்டார். 1811-ல் ஜோஸப் சுமார் நான்கு அடி நீளமான ஒரு தலை எலும்பைக் கண்டார். அதன் உடலை மறு வருஷம் கண்டுபிடித்தபோது மேரிக்கு வயது பன்னிரண்டு. அது இக்தியோஸார் என்னும் பூர்வகாலக் கடற்பிராணி. 23 பவுனுக்கு விலைபோன அது, பின்னர் லண்டன் பிரிட்டிஷ் மியூஸியத்தை அடைந்தது.

1823-ல் அவர் கண்ட பிளீஸியோஸாரின் கழுத்து நம்பமுடியாத அளவு நீண்டிருந்தது. உலகப் புகழ் பெற்ற பிரெஞ்சுப் பண்டிதர் கூவியேகூட இது ஒட்டுவேலையோ என்று சந்தேகித்தார். அச்சந்தேகம் நிலைத்திருந்தால் மேரியின் பிழைப்பே போயிருக்கும். எலும்புகளை நன்கு பரிசோதித்தபின் கூவியே தம் அபிப்பிராயத்தை மாற்றிக்கொண்டார். 1828-ல், ஜெர்மனிக்கு வெளியே முதன்முதலாக, பறக்கும் பல்லியின் எலும்புகளும் அவருக்கே கிடைத்தன.

இவற்றினும் அவருடைய புத்தியை நன்கு விளக்குவது ஒரு சிறிய விஷயம். மிருகங்களின் வயிற்றில் விளையும் கோரோசனை போன்றவை என்று ஜனங்கள் கருதிய சில கற்கள் அக்கரையில் கிடைத்து வந்தன. அவை இக்தியோஸாரின் வயிற்றுப் பக்கத்திலேயே கிடப்பதை மேரி கவனித்தார். உடைத்துப் பார்த்தபோது உள்ளே மீன் எலும்பும் செதிலும் இருந்தன. ஆக்ஸ்போர்டு பண்டிதர் பக்லாண்ட் இக்குறிப்பைக்கொண்டு ஆராய்ந்து, அவை கல்லாய்ச் சமைந்த மலம் என்று 1829-ல் நிலைநாட்டினார். தேவதாரு மரத்தின் காய் என்று வேறிடங்களில் எண்ணப்பட்டு வந்த திருகு வடிவமான சில கற்களும் அவ்வகையே எனத் தெளிவாயிற்று. செடியின் பகுதி என்று நினைத்தது மீனின் கழிவாயிற்று!

இத்தனைக்கும் அவர் பெற்ற பலன் என்ன? 1807-ல் ஸ்தாபிக்கப்பட்ட லண்டன் பூகர்ப்ப சாஸ்திர சங்கத்தில் பெண்களுக்கு இடமில்லை; அங்கத்தினராகும் உரிமை 1919-ல்தான் கிடைத்தது. பிளீஸியோஸாரைப் பற்றி 1824-ல் அச்சங்கத்தில் பிரசங்கித்த கனவான் அதைக் கண்டெடுத்தவரின் பெயரைச் சொல்லவில்லை. மியூஸியங்களோ விலைகொடுத்து வாங்கி நன்கொடை அளித்தவர்களின் பெயரையே எழுதி வைத்தன. எல்லோரையும் ஒன்றாகக் குறை கூறுவது முறையாகாது. பக்லாண்ட் அவர் பெயரைத் தம் கட்டுரைகளில் குறிப்பிட்டார். வருஷத்துக்கு 25 பவுன் உபகாரச் சம்பளம் கிடைக்க முயன்றவரும் அவரே. டி லா பெச் என்பவர் பூர்வகாலக் கடலைச் சித்திரமாக வரைந்து, பிரதிகளை விற்ற பணத்தை 1830-ல் மேரிக்கு உதவினார். ஆனால் தயவு வேறு, உரிமை வேறு. மேரிக்குத் தயவு கிடைத்தது, உரிமை கிடைக்கவில்லை.

தொழிலோ உயிரைப் பணயம் வைத்துச் செய்வது. 1833-ல் கரை சரிந்து, அவரோடு எப்போதும் சென்ற நாய் அவர் கண்ணெதிரேயே நசுங்கி மாண்டது. அவர் தப்பியது மயிரிழையில். மறுபடியும் அதே கரைக்கே அவர் போகவேண்டியிருந்தது. 1847-ம் வருஷம் மார்ச்சு 9-ந் தேதி, மார்புப் புற்றுநோயால், 47-வது வயதில் காலமானார். உள்ளே வரக்கூடாதென்ற அதே சங்கத்தில், அதன் தலைவராயிருந்த டி லா பெச் அவருக்குப் புகழுரை வாசித்தார். 1850-ல் சங்கத்தார் லைம் ரீஜிஸ் கோவிலில் அவர் ஞாபகமாக வர்ணக் கண்ணாடி ஜன்னல் ஒன்றை அமைத்தனர். அவ்வூரில் அவருக்குச் சிலை எழுந்தது 2022-ல். அதாவது இறந்து 175 வருஷங்களுக்குப் பின்.

நம் நாட்டிலும் மண்ணையும் கல்லையும் அன்றாடம் கையாண்டு, அவற்றின் குணத்தை நுட்பமாக அறிந்தவர்கள் குழிவெட்டும் கூலியாட்களிடையேயும் உழவரிடையேயும் இருக்கிறார்கள். அவர்கள் கொண்டுவரும் ஒரு கல் செடியா, பிராணியா, வெறும் கல்லா என்று பண்டிதர்கள் தீர விசாரிக்கட்டும். விசாரித்தபின், மியூஸியத்தில் அதன் கீழே எழுதும் சீட்டில், கண்டெடுத்தவர் பெயருக்கு ஒரு வரி ஒதுக்கட்டும். அதற்குச் செலவு ஒன்றுமில்லை; ஒதுக்காமல் விட்டால் நேரும் அநியாயத்தைத் தீர்க்க, மேரி ஆனிங்கின் விஷயத்தில், ஒன்றே முக்கால் நூற்றாண்டு சென்றது.