விழுந்தவர்களைக் கைவிடாத ஆயர்

கி.பி. 250-ம் ஆண்டு. ரோமாபுரிப் பேரரசன் டேசியஸின் ஆணை ஊர் ஊராக அமலுக்கு வந்தது. குடிமக்கள் யாவரும் அதிகாரிகள் முன்னிலையில் தேவர்களுக்குப் பலியிட வேண்டும். பலியிட்டதற்குச் சான்றுச் சீட்டு பெற வேண்டும். மறுத்தால் சிறை, சித்திரவதை, சொத்துப் பறிமுதல். அந்தச் சீட்டுகளில் நாற்பதுக்கு மேற்பட்டவை எகிப்தின் மணலில் புதைந்து கிடந்து நம் காலத்தவர் கைக்குக் கிடைத்துள்ளன.

இன்றைய டூனிசியா நாட்டில் இருந்த கார்த்தேஜ் நகரில் கிறிஸ்தவர்கள் பலர் அஞ்சி நடுங்கினர். சிலர் பலியிட்டனர். சிலர் பலியிடாமலே பணம் கொடுத்துச் சீட்டு வாங்கினர். அந்தச் சபையின் ஆயராக அப்போது இருந்தவர்தான் புனித சிப்பிரியான்.

செல்வக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். சொற்பொழிவுக் கலை கற்பிக்கும் ஆசிரியராகப் புகழ் பெற்றவர். சிசிலியஸ் என்ற குருவின் நட்பால் மனம் மாறி, சுமார் 246-ல் ஞானஸ்நானம் பெற்றார். தம் உடைமையில் பெரும் பங்கை ஏழைகளுக்கு வழங்கினார். இரண்டு மூன்று ஆண்டுகளிலேயே மக்கள் அவரை ஆயராக்கிவிட்டனர். மூத்த குருக்கள் ஐவருக்கு அது பிடிக்கவில்லை.

தலைமறைவு

கலாபனை தொடங்கியதும் சிப்பிரியான் நகரை விட்டு மறைந்தார். ரோமாபுரியின் ஆயர் பேபியன் அதே ஆண்டு ஜனவரியில் உயிரைக் கொடுத்திருக்க, இவர் ஓடி ஒளிந்தாரே என்று பேச்சு எழுந்தது. மேய்ப்பன் இல்லாவிட்டால் மந்தை சிதறிவிடும் என்பது அவர் தரப்பு நியாயம். மறைவிடத்திலிருந்து கடிதம் மேல் கடிதம் எழுதிச் சபையை நடத்தினார். ஆனாலும் பழிச்சொல் ஓயவில்லை.

251-ல் அவர் திரும்பியபோது பெரிய சிக்கல் காத்திருந்தது. தவறியவர்கள் மீண்டும் சேர வந்து நின்றனர். உடனே சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றது ஒரு கூட்டம். ஒருபோதும் சேர்க்கக் கூடாது என்று ரோமாபுரியில் நொவேஷியன் என்ற குரு தனிக்கட்சியே கண்டார்.

சிப்பிரியான் இரு பக்கமும் சாயவில்லை. ஆயர்களின் சங்கத்தைக் கூட்டினார். சீட்டு மட்டும் வாங்கியவர்களை ஒவ்வொருவராக விசாரித்துச் சேர்ப்பது, பலியிட்டவர்கள் நீண்டகாலம் தவம் செய்வது, மரணத் தறுவாயில் அவர்களுக்கும் மன்னிப்பு அளிப்பது என முடிவாயிற்று. பின்னர் மீண்டும் கலாபனை வரும் அறிகுறி தெரிந்ததும், தவத்தில் நிலைத்திருந்த எல்லோரையும் சேர்த்துக்கொண்டார். போருக்குப் போகிறவனை வெறுங்கையோடு அனுப்பலாகாது என்பது அவர் எண்ணம்.

கொள்ளைநோய்

அக்காலத்தில்தான் பெரும் கொள்ளைநோய் பரவியது. நோயாளிகளைச் சொந்த வீட்டாரே கைவிட்டனர். வீதிகளில் பிணங்கள் கிடந்தன. சிப்பிரியான் தம் மக்களைத் திரட்டி, பொருள் உள்ளவரைப் பொருளாலும் இல்லாதவரை உழைப்பாலும் உதவச் செய்தார். கிறிஸ்தவருக்கு மட்டும் அல்ல, தங்களைத் துன்புறுத்தியவர்களுக்கும் அந்த உதவி சென்றது. நுமிதியாவில் கொள்ளையரிடம் சிக்கியவர்களை மீட்க 1,00,000 செஸ்டர்ஸ் நாணயம் திரட்டி அனுப்பினார்.

இறுதி நாள்

257-ல் வலேரியன் மன்னன் காலத்தில் சிப்பிரியான் குரூபிஸ் என்ற ஊருக்கு நாடு கடத்தப்பட்டார். மறு ஆண்டு, ஆயர்களைக் கொல்லும்படி ஆணை வந்தது. விசாரணைக்காக அவரை உத்திக்கா நகருக்குக் கொண்டுபோக ஆட்கள் தேடினர். மீண்டும் ஒருமுறை ஒளிந்தார். உயிர் தப்ப அல்ல. ஆயர் தம் ஊரில், தம் மக்கள் நடுவில் இறப்பதே முறை என்று கருதினார். ஆளுநர் கார்த்தேஜ் திரும்பியதும் வெளிப்பட்டார். 258 செப்டம்பர் 14-ந் தேதி தலை துண்டிக்கப்பட்டது. கொலையாளிக்கு 25 பொற்காசு கொடுக்கச் சொல்லிவிட்டே கண்ணைக் கட்டிக்கொண்டார்.

எட்டு ஆண்டுகளுக்கு முன் ஓடினார் என்று ஏசப்பட்டவர் அவர். அதனால்தானோ என்னவோ, ஓடியவர்களின் மனம் அவருக்குப் புரிந்தது. தவறியவன் வாசலில் வந்து நிற்கும்போது, தவறே இல்லை என்று சொல்வது அன்பு ஆகாது. கதவை அடைப்பது நீதி ஆகாது. காத்திருக்கச் சொல்லி, கூடவே காத்திருந்தார் சிப்பிரியான். இன்றைய விசுவாசிகளும் இதை மனத்தில் கொள்வது நலம்.